வடிகால் மூடிக்குப் பெயர் நடைபாதை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் நடைபாதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். நடக்கிறவரை மனத்தில் வைத்து யாரும் அதைக் கட்டவில்லை. தண்ணீர் வடிய வேண்டுமென்று கால்வாய் கட்டினார்கள், கால்வாய்க்கு மூடி போட்டார்கள், மூடி நடைபாதை ஆகிவிட்டது. கால்வாய்க்கு என்ன அகலமோ அதுதான் நடைபாதையின் அகலம். கால்வாய்ச் சுவர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உயரத்தில் நாம் நடக்க வேண்டும். கால்வாய் முடிகிற இடத்தில் நடைபாதையும் முடிந்து, நடப்பவர் லாரிக்குப் பக்கத்தில் இறங்கியாக வேண்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடைபாதை வேண்டும், சைக்கிள் பாதை வேண்டும் என்று தனியாகக் கேட்டால் நிதி இல்லை என்ற பதில் வரும். வடிகாலுக்கோ வருஷா வருஷம் பணம் வருகிறது. வடிகாலின் எஸ்டிமேட்டுக்குள்ளேயே நடக்கிறவரையும் சைக்கிள்காரரையும் நுழைத்துவிட்டால் பல வேலைகள் நடந்துவிடும். எஸ்டிமேட் முடிந்து டெண்டர் போய்விட்டால் எவ்வளவு கூச்சல் போட்டாலும் காண்ட்ராக்டர் வரைபடத்தில் உள்ளதைத்தான் கட்டுவார்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். அதுவரை ஒவ்வொன்றும் தனித்தனியாக ரோடு போட்டு, தனித்தனியாகக் கால்வாய் வெட்டியவை. வடக்கே சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று, அதாவது நடைக்கும் சைக்கிளுக்கும், ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் வந்தது. அந்தக் கொள்கை சென்னை மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. புறநகரில் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான், அதுவும் அளவோடு கேட்க வேண்டும். "நடக்க வசதி செய்து தாருங்கள்" என்ற மனுவுக்கு "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். நடைபாதை ரோட்டைவிட 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை. நம் பக்கத்தில் ஒன்றரை அடி உயர மூடிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஏன் இப்படி? நிலம் தட்டையானது. கால்வாய் போய்ச் சேரும் ஏரியின் மட்டமோ அடுத்த பெரிய கால்வாயின் மட்டமோ தாழ்வாக இல்லாவிட்டால் அடியில் ஆழமாகத் தோண்ட முடியாது. ஆழம் வேண்டுமென்றால் சுவரை மேலே தூக்க வேண்டியதுதான். சுவர் உயர்ந்ததும் வீட்டுக்காரர் காரை உள்ளே விட ரோட்டிலேயே ஒரு சிமென்ட் சரிவு போட்டுக்கொள்கிறார். அடுத்த வீட்டுக்காரர் மூடியையே உடைத்துத் தாழ்த்திக்கொள்கிறார். நூறடிக்குள் நாலு ஏற்றம், நாலு இறக்கம். முழங்கால் வலி உள்ளவர் அதில் ஏற மாட்டார். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எல்லோரும் ரோட்டில் நடப்பார்கள், காலியான மூடியில் பைக் நிற்கும்.

இதற்குத் தீர்வு கால்வாயின் வடிவத்தில்தான் இருக்கிறது. குறுகி ஆழமாக இருப்பதை அகலமாக்கி ஆழத்தைக் குறைத்தால், அதே குறுக்களவில் மேல்மட்டம் கீழே வரும். கூடவே நடக்கிற அகலமும் கிடைக்கும். மேலே மூடும் கான்கிரீட் ஸ்லாபின் நீளம் கூடுவதால் கம்பியும் கனமும் கூடும், செலவும் கூடும். அந்தக் கூடுதல் செலவை நடைபாதைச் செலவாகப் பார்க்க வேண்டும். மேல்மட்டம் 100 மி.மீ. என்று பிடித்தால் இன்னும் நல்லது. வீட்டு வாசலில் நடைபாதை மட்டம் மாறாமல் நேராகப் போகும். கார் ஏறுகிற சரிவை ரோட்டோர விளிம்பில் 60 செ.மீ.க்குள் முடித்துவிடலாம், அது ஆறுக்கு ஒன்று என்ற சரிவு. 150 மி.மீ. உயரத்தை அதே 60 செ.மீ.க்குள் ஏற்றினால் நாலுக்கு ஒன்று ஆகும், தாழ்வான கார்களின் அடி இடிக்கும், ஒரே மாதத்தில் வீட்டுக்காரர் சிமென்ட் மூட்டையோடு வந்துவிடுவார். நியாயமாக ஏறி இறங்க வேண்டியது வண்டிதான். நடப்பவர் ஒரே மட்டத்தில் போக வேண்டும்.

மூடியிலும் பார்க்க வேண்டியது நிறைய உண்டு. தூக்குவதற்காக ஸ்லாபில் வைக்கும் கம்பி வளையம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் விரல் மாட்டிக் குப்புற விழ வைப்பது அதுதான். வளையத்தை ஒரு குழிக்குள் அமைத்து, மடங்கிப் படுக்கிற மாதிரி செய்யலாம், வார்ப்பின்போதே செய்தால் கூடுதல் செலவு அற்பம். இரண்டு ஸ்லாபுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஊன்றுகோல் நுனி இறங்கும். தண்ணீர் லாரி ஏறுகிற வாசல்களில் சாதாரண ஸ்லாப் விரிசல் விடும், அங்கே மட்டும் கனமான ஸ்லாப் என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். பேவர் பிளாக் பதிக்கிறார்கள் என்றால் நடக்கிற இடத்துக்கு 60 மி.மீ., வண்டி கடக்கும் வாசலுக்கு 80 மி.மீ. கனம். பளபளப்பான டைல்ஸ் எங்கும் வேண்டாம், முதல் தூறலிலேயே வழுக்கும். மஞ்சள் நிறத் தொடு ஓடுகளில் நீளக்கோடு போட்டது "போ" என்றும் புள்ளி போட்டது "நில்" என்றும் பார்வையற்றவருக்குச் சொல்பவை. அவற்றை அழகுக்கு ஒட்டிக்கொண்டே போய் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸில் முட்ட விட்டால், அது அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சுவரில் மோதுவது.

அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது அதே நெறிமுறை. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்துபோகத் தேவையான அளவு அது. இது தடையில்லாத அகலம். மரம், கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், பஸ் நிழற்குடை எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்ச வேண்டியது. தலைக்கு மேலும் 2.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், பெயர்ப்பலகைகள் இதை மறந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்தச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதினால் பணம் யார் கட்டுவது என்பதிலேயே வருஷம் ஓடும். அந்த இடத்தில் மட்டும் வண்டி நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் எடுத்து, நடைபாதையை ரோட்டுப் பக்கம் வளைத்துக் கொண்டுபோவது சுலபம்.

இருபது, முப்பதடித் தெருக்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே இரண்டு பக்கமும் இரண்டடி நடைபாதை போடுவது பணத்தை மண்ணில் போடுவதுதான், அதில் யாரும் நடக்க மாட்டார்கள். அந்தத் தெருக்களில் ரோடே நடைபாதை. செய்ய வேண்டியது வண்டியின் வேகத்தைக் குறைப்பது.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எண் கையில் இருக்க வேண்டும். டிரைவருக்கு ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் உலர்ந்த ரோட்டில் சுமார் 17, 18 மீட்டரில் நிற்கும். 50 கி.மீ. என்றால் 35 மீட்டர் வேண்டும். 20 மீட்டர் தள்ளி ஒரு பையன் பந்துக்குப் பின்னால் ஓடிவந்தால், முதல் கார் நின்றுவிடும். இரண்டாவது காரில் அந்த நேரம் பிரேக்கே பிடித்திருக்காது. மனிதர்களும் வண்டிகளும் கலக்கிற தெருக்களில் 30 கி.மீ.தான் உச்சவரம்பு என்று 2020-ன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது இதனால்தான்.

உங்கள் தெருவில் என்ன வேகம் என்று அளக்கக் கருவி வேண்டாம். சாக்பீஸால் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 6 வினாடியில் கடந்தால் 30 கி.மீ., 3.6 வினாடியில் கடந்தால் 50 கி.மீ. காலை எட்டரைக்கும் இரவு பத்துக்கும் தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் நெரிசல் நேரத்தில் எல்லாத் தெருவும் பத்திரமாகத்தான் தெரியும். ஐம்பது வண்டிகளின் நேரத்தை எழுதிக் கொடுத்தால் "இங்கே எல்லாம் வேகமாகப் போகிறார்கள்" என்று சொல்வதைவிட ஆயிரம் மடங்கு எடுபடும்.

பிறகு ஸ்பீடு பிரேக்கர். நம்மூரில் தார் மிச்சம் இருந்தால் குவித்துவைப்பதற்குப் பெயர் ஸ்பீடு பிரேக்கர். ஐ.ஆர்.சி. 99 சொல்கிற அளவு வேறு: 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து, 3.7 மீட்டர் நீளத்துக்கு மெல்ல ஏறி இறங்கி, நடுவில் 10 செ.மீ. உயரம். இதில் 25 கி.மீ. வேகத்தில் போனால் முதுகு வலிக்காது, 45-ல் போனால் தூக்கிப்போடும். குட்டையாக, செங்குத்தாக இருக்கும் மேட்டில் நேர்மாறாக நடக்கும். சைக்கிளும் ஸ்கூட்டரும் தடுமாறும், பெரிய சக்கரமுள்ள கார் வேகமாகப் போனால் உணரவே உணராது. பள்ளி வாசலில் இதைவிட நல்லது மேடைக் கடவை. நடைபாதையின் உயரத்துக்கே ரோட்டைத் தூக்கி, மேலே தட்டையாக விட்டு, இரண்டு பக்கமும் வண்டிக்குச் சரிவு வைப்பது. குழந்தை இறங்காமலே ரோட்டைக் கடக்கும். இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, ஓரத்தில் தண்ணீர் போக வழி விடாமல் கட்டுவது. முதல் மழையில் குட்டை நிற்கும், மறுநாள் ஜே.சி.பி. வந்து மேடையையே பெயர்த்துவிடும். இரண்டு ஓரமும் வடிகாலுக்கு நுழைவாய் கட்டாயம் என்று வரைபடத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தெரு முனைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முனை எவ்வளவு அகல வளைவாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வண்டி திரும்பும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். வேளச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சின்னத் தெருக்களின் முனையில் வளைவை 4 மீட்டர் ஆரத்துக்குச் சுருக்கினாலே திரும்புகிற வண்டி வேகம் குறைந்தாக வேண்டும். தீயணைப்பு வண்டி திரும்பாது என்பார்கள். முனையில் சக்கரம் ஏறக்கூடிய தாழ்ந்த கல் விரிப்பு வைத்துவிட்டால் தீயணைப்பு வண்டி அதன்மேல் ஏறித் திரும்பும், கார்கள் அதைத் தவிர்க்கும். கட்டுவதற்கு முன்னால் மணல் மூட்டைகளையும் கூம்புகளையும் ஒரு வாரம் அடுக்கிப் பார்த்துவிடலாம். கவுன்சிலர்களுக்கும் போக்குவரத்துக் காவலர்களுக்கும் பத்துப் பக்க அறிக்கையைவிட இந்த ஒரு வாரம் நன்றாகப் புரியும்.

இனி ஜி.எஸ்.டி. ரோடு, சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை. ரயில் பாதையும் இந்த ரோடும் சேர்ந்து ஊரையே கிழக்கு, மேற்கு என்று கிழித்துவிட்டன. இப்படிப்பட்ட ரோட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு நடைமேம்பாலம். வாகனத்துக்கு 5.5 மீட்டர் விட்டு, அதற்கு மேல் பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 15 செ.மீ. படியாகக் கணக்கிட்டால் நாற்பது படி ஏற்றம், நாற்பது படி இறக்கம். லிஃப்ட் ஓடுகிற வரை சரி. நின்ற நாளிலிருந்து காய்கறிப் பையோடு வரும் அம்மா, ரோட்டின் நடுத்தடுப்பான மீடியனின் கம்பி இடைவெளியில்தான் நுழைவார். அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிப் படியேறச் சொல்லவும் முடியாது. ரயில் தண்டவாளத்துக்கு மேலே பாலம்தான் வழி, ரோட்டைக் கடக்க சிக்னல்தான் வழி என்பது என் கட்சி.

சிக்னலிலும் கணக்கு உண்டு. ஒரு பக்கம் மூன்று தடம், மறுபக்கம் மூன்று தடம், நடுவில் ஒன்றரை மீட்டர் மீடியன் என்றால் சுமார் 22.5 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 19 வினாடி வேண்டும். மெதுவாக, வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 28 வினாடி. 15 வினாடி பச்சை விட்டால் பெரியவர் 12 மீட்டரில், மீடியனைத் தாண்டிய இடத்தில் நிற்பார், அப்போது சிவப்பு விழும். நேரத்தைக் கூட்ட முடியாதென்றால் மீடியனை நிற்கும் இடமாக்கி இரண்டு தவணையில் கடக்க விட வேண்டும். அந்த இடம் இரண்டு மீட்டராவது அகலமாக வேண்டும். சைக்கிள் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளம், அதைவிடக் குறைந்தால் பின்சக்கரம் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, காத்திருக்கும் நேரம். இரண்டு நிமிஷத்துக்கு மேல் பச்சை வராத சிக்னலை நடப்பவர் யாரும் மதிப்பதில்லை.

சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளைகள் ஓட்டிப் போக வழிதான் தரப்படவில்லை. ராங் சைடில் வருகிறார்கள் என்று குறை சொல்வார்கள். மீடியனை முழுக்க மூடி, யூ-டர்னைத் தொலைவில் கொண்டுபோய் வைத்தால், எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்குப் போகிற பிள்ளை சைக்கிளை மிதித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருமா? ரோட்டின் இரண்டு பக்கத்திலும் இருவழிச் சைக்கிள் பாதை, 3 மீட்டர் அகலத்தில் இருந்தால் இந்தக் குற்றமே இல்லாமல் போகும். ஒருவழி என்றால் 2 மீட்டர் போதும். பெயின்ட்டால் கோடு போட்ட சைக்கிள் தடம் மட்டும் வேண்டாம். அடுத்த நாள் காலையில் அது கார் பார்க்கிங்.

தனிப்பாதைக்குக் காத்திருக்காமல் செய்ய வேண்டியவை சிறியவை. முதலாவது ரோட்டின் விளிம்பு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே போவதால் ஓரத்தில் இரண்டு, மூன்று அங்குலப் படி உண்டாகிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, சைக்கிள் ஓரமாக மண்ணில் இறங்குகிறது. மறுபடி ஏற ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தால் முன்சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டே போகும், ஏறாது. உடம்பு மட்டும் வலப்பக்கம் சாயும். விழுவது ரோட்டுக்குள், பஸ்ஸின் பக்கம். விளிம்பைச் செங்குத்தாக விடாமல் முப்பது டிகிரி சரிவாக அழுத்தி முடித்து, மண்பகுதியைக் கிராவல் கொட்டி மட்டம் செய்தால் இது நடக்காது. சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, வடிகால் கம்பி மூடி. கம்பிகள் ரோட்டின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கும். சாதாரண சைக்கிள் டயர் 35 மி.மீ.க்குச் சற்று மேல், ரேஸ் சைக்கிளில் இன்னும் ஒல்லி. கம்பிகள் குறுக்கே ஓட வேண்டும், இடைவெளி 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே தப்பாக வைத்திருந்தால் முழுதாக மாற்ற வேண்டாம். மேலே குறுக்குப் பட்டைகளை வெல்டிங் செய்தால் போதும், அரைநாள் வேலை. புதிதாகக் கட்டும்போது ரோட்டில் ஓட்டை வைக்காமல் நடைபாதைக் கல்லின் பக்கவாட்டில் நுழைவாய் வைப்பதே உத்தமம். ஆனால் குப்பை அடைக்கும், மழைக்கு முன் கை விட்டுத் துப்புரவு செய்ய ஆள் வேண்டும்.

மூன்றாவது நிறுத்துமிடம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். தலைகீழ் "ப" வடிவில் 50 மி.மீ. ஜி.ஐ. பைப், தரைக்கு மேல் 75 செ.மீ., கான்கிரீட்டுக்குள் 30 செ.மீ., ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி. பின்சக்கரப் பூட்டு மட்டும் போட்ட சைக்கிளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சட்டத்தோடு சேர்த்துச் சங்கிலி போட இந்தப் பைப் வேண்டும். ஸ்டேஷன் படிக்கட்டு தெரிகிற தூரத்தில் வைக்க வேண்டும். பின்புறச் சந்தில் வைத்தால் துரு மட்டும்தான் அங்கே நிற்கும்.

நடைபாதையில் பைக் ஏறாமல் தடுக்கக் கம்பங்கள் நடச் சொல்வார்கள். சக்கர நாற்காலி போக 90 செ.மீ. இடைவெளி விட்டாக வேண்டும். பைக்கின் ஹேண்டில் அதைவிடக் குறுகல். ஆக கம்பம் காரை நிறுத்தும், பைக்கை நிறுத்தாது. நெருக்கமாக நட்டால் பைக் நிற்கும், மாற்றுத்திறனாளியும் நின்றுவிடுவார். பைக் ஏன் ஏறுகிறது என்று பார்த்தால், மறுபடியும் அந்தத் தொலைதூர யூ-டர்ன்தான் காரணமாக இருக்கும்.

கடைக்காரர்களை மட்டும் விரட்டிவிட்டு நடைபாதையை மீட்டோம் என்று படம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூக்கட்டும் அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் இரவில் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்குவது நகர விற்பனைக் குழுவின் வேலை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் அகலப் பட்டையை வியாபாரத்துக்கென்றே விட்டால் 1.8 மீட்டர் நடைவழி தப்பிக்கும். அதே போல வெளிச்சம்: மீடியனில் உயரக் கம்பம் நட்டால் ரோடு பளிச்சென்று இருக்கும், தூங்குமூஞ்சி மரத்தடி நடைபாதை இருட்டாகவே இருக்கும். கிளைக்குக் கீழே, நாலு மீட்டர் உயரத்தில் தனி விளக்கு வேண்டும்.

இதையெல்லாம் எப்படி நடத்தி வாங்குவது? ஒரு பள்ளி அல்லது ஸ்டேஷனை மையமாக வைத்து 500 மீட்டர் சுற்றுவட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், டேப், சாக்பீஸ், செல்போன். காலை பள்ளி நேரத்தில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை நடந்து, ஒவ்வொரு குறையையும் இடக்குறியோடு படமெடுத்து, அளவோடு எழுதுங்கள். அடுத்த வேலை முக்கியமானது, யாருடையது என்று பிரிப்பது. ஜி.எஸ்.டி. ரோடும் வேளச்சேரி ரோடும் நெடுஞ்சாலைத் துறை வசம், உள்தெருக்கள் மாநகராட்சி வசம், பில்லர் பாக்ஸ் மின்வாரியம், சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல், ஸ்டேஷன் வாசல் ரயில்வே. எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால் ஐந்து அலுவலகமும் மற்ற நான்கைக் கைகாட்டும். ஒரு இடத்துக்கு ஒரு பக்கம், ஒரு படம், வேண்டிய அளவு. கவுன்சிலருக்கு ஒரு நகல், ஏரியா சபையில் பதிவு.

சட்டமும் கொஞ்சம் பின்னால் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறி உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கும் காண்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவின் கடைசிப் பத்தியில் இரண்டையும் ஒரு வரியில் எழுதினால் போதும். மிரட்டல் தொனி வேண்டாம், நாளைக்கும் அதே ஜே.இ.யிடம், அந்த இளநிலைப் பொறியாளரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

புது வடிகால் வேலை வரப்போகிறது என்று தெரிந்தால் உடனே குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். தரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், முப்பது நாள் கெடு. அதில் மூன்றே எண்களைப் பாருங்கள்: ரோட்டிலிருந்து மூடியின் உயரம், தடையில்லாத அகலம், வீட்டு வாசலில் நடைபாதையின் மட்டம். வேலை முடிந்த பிறகு காண்ட்ராக்டர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எது வரை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தேதியைக் குறித்துவைத்து, அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நடந்து பார்த்து, ஆடுகிற ஸ்லாபையும் நிற்கிற தண்ணீரையும் படமெடுத்துக் கொடுத்துவிடுங்கள். தேதி தாண்டிப் போனால் அதே ஸ்லாபுக்குப் புது எஸ்டிமேட் போட வேண்டியிருக்கும்.